நாற்காலிக்கு வாடகையா, காற்றுக்கு வாடகையா?

2024 ஜூன் 9 – மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி

அப்பா காலத்துத் தேக்கு மேசை ஒன்று, நாற்காலி நான்கு. இணையத்தில் படம் போட்டேன். சென்னையில் ஒருவர் 9,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். வண்டி விசாரித்தால் 7,500 கேட்கிறார்கள். அதை அவரும் தரமாட்டார், நானும் தரமுடியாது. இணையத்தில் மரச்சாமான் விற்பது வண்டிக்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் வேலை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

மறுக்கிறேன். காரைக்குடியில் பழைய மரச்சாமான்களைச் செப்பனிட்டு விற்பது என் தொழில். ஆறு ஆண்டுகளாக இணையத்திலும் விற்கிறேன். 7,500 என்பது தனி வண்டிக்கான வாடகை. யாரிடம் கேட்டீர்கள், என்ன அளவு சொன்னீர்கள்? "ஒரு மேசை, நாலு நாற்காலி" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் பெரிய வண்டியைத்தான் மனத்தில் நிறுத்துவார். டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள்.

ஜூன் 11

மதுரைக்காரர் அளவு அனுப்பிவிட்டார். மேசை 48 × 30 × 30. நாற்காலி ஒவ்வொன்றும் 18 × 20 × 36. எல்லாம் சேர்த்து அறுபது கிலோவைத் தாண்டாது என்கிறார். இருக்கலாம். ஆனால் பலருடைய சரக்கையும் சேர்த்து ஏற்றும் பார்சல் லாரிக்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை.

மூன்று அளவையும் பெருக்கி 1,728ஆல் வகுத்தால் கன அடி வரும். நாற்காலிக்கு 18 × 20 × 36 = 12,960. வகுத்தால் ஏழரைக் கன அடி. ஒரு கன அடிக்குப் பத்து கிலோ என்று வைப்பார்கள். ஆக, ஆறு கிலோ நாற்காலி ரசீதில் எழுபத்தைந்து கிலோ ஆகிவிடும்! மேசை 25 கன அடி, நாற்காலிகள் 30. மொத்தம் 55 கன அடி, அதாவது 550 கிலோ. மீதி நானூற்றுத் தொண்ணூறு கிலோவும் மேசைக்கு அடியிலும் நாற்காலிக் கால்களுக்கு நடுவிலும் இருக்கும் காற்று.

இதற்கு நேர்மாறு ஊஞ்சல் பலகை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம் என்றால் இரண்டே கன அடி. கணக்குக்கு 20 கிலோ. தராசில் வைத்தால் முப்பத்தைந்துக்கு மேல் போகும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் என்பதால் பலகைக்கு அசல் எடையே விழும். நான் முதலில் இணையத்தில் விற்றுத் தேறியது ஊஞ்சல் பலகையில்தான். முதலில் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டது நாற்காலியில்.

ஜூன் 12

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கன அடிக்குப் பத்து கிலோ என்பது எல்லோருக்கும் பொது அல்ல. ஆறு, ஏழு, எட்டு வைப்பவர்களும் உண்டு. "கிலோவுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு இடம் தேடாதீர்கள். கிலோ ஐந்து ரூபாய் என்று சொல்லிக் கன அடிக்குப் பத்து போடுபவரைவிட, ஆறு ரூபாய் சொல்லி எட்டு போடுபவர் மலிவு. இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும்.

அடுத்தது, காற்றை வெளியேற்றும் வேலை. மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். கால் போல்ட்டில் நிற்கிறதா, துளையில் செருகி மர ஆணி அடித்ததா?

அதே நாள், மாலை

போல்ட்டாம். நல்லது. கால்களைக் கழற்றிப் பலகைக்கு அடியிலேயே படுக்கவைத்துக் கட்டினால் 50 × 32 × 6 அங்குலத்துக்குள் அடங்கும். 25 கன அடி ஐந்தரை ஆகிவிடும். நாற்காலியில் ஒன்றை நேராக நிறுத்தி, இன்னொன்றைக் கவிழ்த்து, உட்காரும் பலகையோடு பலகை சேரும்படி அதன் மேல் வையுங்கள். சாய்மானங்கள் எதிரெதிர்ப் பக்கம் வர வேண்டும். ஒரு ஜோடி ஒன்பது கன அடிக்குள் நிற்கும். இரண்டு ஜோடிக்குப் பதினெட்டு.

55 இருந்த இடத்தில் இருபத்துமூன்றரை. எட்டால் பெருக்கினால் 188 கிலோ. கிலோ ஆறு ரூபாய் என்றால் 1,128. ஏற்றுகூலி, ரசீதுக் கட்டணம் சேர்த்து 1,400க்குள் சென்னை குடோன் போய்ச் சேரும். 7,500 எங்கே, 1,400 எங்கே!

மர ஆணி அடித்த மேசை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ரம்பத்தைத் தேட வேண்டாம். ஒருவர் அப்படி அறுத்துவிட்டு என்னிடம் ஒட்டித் தரச் சொல்லி வந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 20

அன்று 1,400 என்று சொல்லி மார்தட்டிக்கொண்டேன். ஒரு வாரமாக மனம் உறுத்துகிறது. அது குடோன் வரைக்குமான கணக்கு. பாதியைத்தான் சொன்னேன்.

போன ஆண்டு ஓர் அலமாரி அனுப்பினேன். காரைக்குடியிலிருந்து மாதவரம் குடோனுக்கு நானூறு கிலோமீட்டர், 1,100 ரூபாய். மாதவரத்திலிருந்து வேளச்சேரிக்கு, அதே ஊருக்குள், 1,400 ரூபாய். போய் நின்றால் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. லோடுமேன்கள் மாடிக்கு இருநூறு என்று அறுநூறு வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், எழுபது கிலோ அலமாரியை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். குறை என்னுடையது. வாங்குபவரிடம் எத்தனையாவது மாடி என்று கேட்கவே இல்லை.

இப்போது விலை சொல்வதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுகிறேன். பின்கோடு என்ன? எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருந்தால் அதன் கதவு எத்தனை அங்குலம்? பின்கோடு தெரிந்தால் எந்தப் பார்சல் சர்வீஸின் குடோன் பக்கம் என்று பார்க்கலாம். நெடுவழியில் நூறு ரூபாய் கூடினாலும், குடோன் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டரில் இருந்தால் மொத்தத்தில் ஆயிரம் மிச்சம்.

சோபா விற்பவர்கள் நான்காவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: மாடிப்படி திரும்பும் இடம் எவ்வளவு அகலம்?

ஜூன் 21

"வாங்குபவரே குடோனில் வந்து எடுத்துக்கொள்ளட்டுமே, எதற்கு இத்தனை கவலை?" என்று ஒருவர் கேட்கிறார். எடுத்துக்கொள்ளலாம். "டூ பே" போட்டால் வாடகையையும் அவரே அங்கே கட்டிவிடுவார். ஆனால் அதை விலை பேசும்போதே சொல்லியாக வேண்டும். பொருள் குடோனில் இறங்கியபின் சொன்னால் அவர் எடுக்க மாட்டார். நான்கு நாளில் கிடங்கு வாடகை ஏறும். திரும்பி வருவதற்கான வாடகையும் நம் தலையில். ஒரு முக்காலி இப்படிச் சென்னை போய் வந்தது. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த முக்காலி என்று இன்றும் கடையில் அதற்குப் பெயர்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, சீர் இல்லை, வீடு குடிபோகிறவர்கள் இல்லை. கட்டில் விற்பவன் ஈ ஓட்டும் மாதம். ஆனால் அனுப்புவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. வண்டிக்காரரும் ஈ ஓட்டுகிறார்.

தனி வண்டி என்றால் கொள்ளை என்று நான் சொல்லவில்லை. குட்டியானையை (டாடா ஏஸ்தான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்) போகவர வாடகை பேசிக் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு அனுப்பினால் எனக்குப் பதின்மூன்றாயிரத்துக்குக் குறையாது. அதே வண்டி சென்னையிலிருந்து யாருடைய வீட்டுச் சாமானையோ கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பிடித்தால் ஐயாயிரம். திரும்பு லோடு என்பது அதுதான்.

எப்படிப் பிடிப்பது? செயலியில் தேடி எனக்குக் கிடைத்ததில்லை. வீடு மாற்றித் தரும் ஆட்கள் இருவரின் எண் என்னிடம் இருக்கிறது. மாத முதல் வாரத்தில் "நம்ம ஊருக்கு வண்டி வருதா அண்ணே?" என்று ஒரு போன். புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில்தான் ஓட்டுநர்கள் சேர்வார்கள். போன மாதம் ஒருவர் டீ டம்ளரை பானெட்டில் வைத்துவிட்டு என் கட்டிலின் தலைமாட்டை முழங்கையாலேயே அளந்தார். நான் டேப்பை நீட்டினேன். "டேப் உங்க வீட்டுக் கதவுக்கு அளக்கும் தம்பி. என் வண்டிக்கு என் கைதான்" என்றார். ஆறடிக்கு ஆறரையடிக் கட்டில், பிரித்தது, அதோடு இரண்டு பீரோ. ஏற்றியபின் ஓர் அங்குலம் வீணாகவில்லை.

இதில் ஒரு தொல்லை: நாள் நம் கையில் இல்லை. "செவ்வாய்க்கிழமை வரும்" என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தோம். பத்து நாளுக்குள் என்று சொல்லுங்கள். சம்மதிப்பவருக்கு மட்டும் அந்த விலை.

ஜூலை 23

பஸ்ஸில் அனுப்புவது பற்றிக் கேட்கிறார்கள். சின்னப் பொருளுக்கு அதைவிட வேகம் இல்லை. கணக்குப்பிள்ளை மேசை தெரியுமல்லவா, தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கான சரிவு மேசை? 24 × 18 × 14 அங்குலம்தான், மூன்றரைக் கன அடி. இரவு ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் போட்டால் விடியும்போது சென்னை. பெரும்பாலும் கன அடிக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. பொருளைப் பார்த்து வாய்க்கு வந்த விலை. எனக்கு 250 முதல் 400 வரை ஆகியிருக்கிறது.

கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு ஒரு சிக்கல். அண்ணா நகர்க்காரர் முன்பு கோயம்பேட்டுக்கு ஆட்டோவில் வந்து எடுத்துப் போவார். இப்போது விடியற்காலையில் ஊரின் தெற்குக் கோடிக்குப் போக வேண்டும். 300 ரூபாய்ப் பார்சலை எடுக்க 700 ரூபாய் டாக்சி. தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவே வரம். மறுபடியும் பின்கோடுதான்.

அரசு விரைவு பஸ்களிலும் 2022 ஆகஸ்ட் முதல் சரக்கு அறையை நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் விடுகிறார்கள். அன்றாடம் அனுப்பும் வியாபாரிக்கு உதவும். மாதம் மூன்று மேசை விற்கும் என்னைப் போன்றவனுக்கு அது பெரிய சட்டை.

ஆகஸ்ட் 14

உடைந்துவிட்டது. நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி, பெல்ஜியம் கண்ணாடி, விலை 22,000. கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. சோம்பல்.

பார்சல் அலுவலகத்தில் ரசீதைக் காட்டி, மூலையில் சிவப்பு முத்திரையைத் தொட்டார்கள்: உடைந்தால் சரக்கின் உரிமையாளரே பொறுப்பு. அதற்குமேல் பேச்சில்லை.

ஆகஸ்ட் 19

வழக்கறிஞரான என் மைத்துனரிடம் கேட்டேன். முத்திரை குத்திவிட்டதால் மட்டும் அவர்கள் முழுக்கக் கைகழுவ முடியாதாம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2011இல் விதிகளும் வந்துவிட்டன. சரக்கின் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் அந்த மதிப்பு வரை கேட்கலாம். அறிவிக்காவிட்டால் அவர்களுடைய பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். நான் கட்டிய வாடகை 850. அதிகபட்சம் 8,500. வழக்குக்குப் போவதென்றால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்தேன். 4,000க்கு முடிந்தது. மீதி நட்டத்தை அலமாரி வாங்கியவரும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். அவர் நல்ல மனிதர். கண்ணாடி இருந்த இடத்தில் பிரம்பு பின்னித் தரச் சொல்லி வைத்துக்கொண்டார். பார்க்கக் கண்ணாடியைவிட அழகாகத்தான் இருக்கிறது.

மேலே ஜூன் மாதம் வாடகைக் கணக்கு போட்டபோது மதிப்பு அறிவிக்கும் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 20

கட்டுவது எப்படி என்று நால்வர் கேட்டுவிட்டார்கள். நான் கற்றது திருச்சி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்துக்கு வெளியே. அங்கே மோட்டார் சைக்கிளுக்குச் சாக்குக் கட்டும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் அவர்கள் முதலில் தேடுவார்கள்: கைப்பிடி, கண்ணாடி, மிதிகட்டை. அங்கே வைக்கோல் திணித்து, மேலே சாக்கு, அதன்மேல் சணல், கடைசியில் கோணி ஊசியால் தையல். நடுப்பகுதிக்கு ஒரு சுற்றுதான். நாமோ நடுவில் பபிள் தாளை மெத்தை மெத்தையாகச் சுற்றிவிட்டு மூலையை அம்போவென்று விடுகிறோம். மேசை உடைவது மூலையில். பழைய சைக்கிள் டயரை வெட்டி மூலைக்கு மாட்டுகிறேன். கடைக்காரர் சும்மா தருகிறார்.

ஆகஸ்ட் 29

மறந்தேபோனது: கேரளத்துக்கு அனுப்புபவர்கள் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். கொச்சி வாடிக்கையாளர் ஒருவர், "இறக்கும்போது நோக்குக்கூலி கேட்பார்களா?" என்று பயந்தார். வேலை செய்யாமல் வேடிக்கை பார்த்ததற்குக் கூலி வாங்கும் அந்த வழக்கத்தைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. அவர் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்களாம், இலவசமாக.

செப்டம்பர் 15

டெலிவரிக் கட்டணத்தைப் பொருளின் விலையோடு சேர்ப்பதா, தனியே காட்டுவதா என்று சண்டையே நடக்கிறது. இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டு எல்லாப் பொருளிலும் 1,500 ஏற்றி "டெலிவரி இலவசம்" என்று போட்டேன். தேவகோட்டையிலிருந்து ஒருவர் தன் வண்டியோடு வந்து நின்றார். பதினெட்டு கிலோமீட்டர். "நானே எடுத்துப்போகிறேன், இலவச டெலிவரியைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். என்ன பதில் சொல்ல? கழித்தேன். அன்றோடு அந்த அறிவிப்பை மாற்றினேன்.

இப்போது இரண்டு விலை. கடையில் வந்து எடுத்தால் ஒன்று. உங்கள் ஊர்க் குடோன் வரை ஒன்று. வீடு வரை வேண்டுமென்றால் மாடி கேட்டுச் சொல்வேன். கேள்விகள் குறைந்துவிட்டன, உண்மைதான். வந்து கேட்பவர்கள் வாங்குகிறார்கள்.

அக்டோபர் 17

தீபாவளி வரை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடோன் முழுக்கத் துணி மூட்டை. நாற்காலி கடைசியாகத்தான் ஏறும், அதுவும் மூட்டைக்கு அடியில்.

டிசம்பர் 6

அக்டோபர் எச்சரிக்கையைத் தீபாவளியோடு நிறுத்தியது என் பிழை. ஐப்பசி, கார்த்திகை மழையை மறந்துவிட்டேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து விழுப்புரம் பக்கம் அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையில் ஏறியது. என் கட்டில் ஒன்று அந்தப் பக்கம் லாரியில் மூன்று நாள் நின்றது.

கட்டில் நனையவில்லை. ஆனால் வாங்கியவர் அனுப்பிய படத்தைப் பார்த்து அதிர்ந்தேன். தலைமாடு முழுக்க வட்டம் வட்டமாக அம்மைத் தழும்பு. பாலிஷ் போட்டு நான்கு நாளில், நன்றாகக் காயும் முன், பபிள் தாளை நேரடியாகச் சுற்றியிருக்கிறேன். உள்ளே புழுங்கி ஒவ்வொரு குமிழும் அச்சாக இறங்கிவிட்டது. ஆளை அனுப்பித் தேய்த்து மறு பாலிஷ் போட 2,200 ஆனது.

இனி மரத்தின்மேல் முதலில் படுவது பழைய பருத்தி வேட்டி. அதன்மேல் அட்டை. பிளாஸ்டிக் கடைசி. பாலிஷ் போட்டு இரண்டு வாரம் கழித்தே கட்டு.

2025 ஜனவரி 3

தொடங்கிவைத்த மதுரைக்காரர் எழுதியிருக்கிறார். சென்னைக்காரர் ஜூலையிலேயே வேண்டாமென்று விட்டாராம். காரணம் வாடகை அல்ல. அவர் மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை. மேசையும் நாற்காலியும் மதுரை அண்ணா நகரில் 10,500க்குப் போயின. டெலிவரிச் செலவு தள்ளுவண்டிக்கு 400.

ஆறு மாதம் கன அடியைப் பெருக்கி வகுத்த எனக்கு இது தேவைதான். பக்கத்து ஊரில் வாங்க ஆள் இருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அப்பளக்கட்டுப் போல் அடுக்கி அனுப்பும் வித்தையைக் காட்டும் அவசரத்தில் கேட்கவில்லை.

பிப்ரவரி 20

ஒன்பதடி பெஞ்ச் அனுப்ப வழி உண்டா என்று ஒருவர் கேட்கிறார். எனக்கும் தெரிந்தாக வேண்டும். பழைய வீட்டு முகப்பில் கிடந்த பெஞ்ச், ஒற்றைப் பலகை, பர்மாத் தேக்கு. பெங்களூரில் ஒருவர் முன்பணம் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. குட்டியானையின் பாடி ஏழடி. இரண்டடி பின்னால் நீட்டிக்கொண்டு ஓசூர் வரை போக எந்த ஓட்டுநரும் தயாரில்லை, அவர்கள் சொல்வதும் சரிதான். பார்சல் லாரியில் ஏறும். ஆனால் மேலே என்ன அடுக்குவார்கள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. பதினான்கடி லாரி ஒன்று சேலத்துக்கு வருமென்று டீக்கடை ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை.

அதுவரை பெஞ்ச் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில். அதன்மேல் துணி விரித்து அம்மா வடகம் காயவைக்கிறார்.